நார்மல் ஸ்லைடு

7 ஜூலை, திங்கள்

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ரத்த ஸ்லைடு செய்முறை வகுப்பு இன்று முடிந்தது. எப்போதும்போல் ஆளுக்கு இரண்டு ஸ்லைடு. ஏ நார்மல். பி ரத்தப் புற்று, பழைய இருப்பிலிருந்து எடுத்தது. இரண்டிலும் நூறு வெள்ளை அணுக்களை வகைவகையாக எண்ணித் தாளில் எழுதித் தர வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் சேரும் என்பதால் அறையில் மூச்சு விடுகிற சத்தம்தான்.

ஏ ஸ்லைடுக்கு ரத்தம் என்னுடையது. நான் இங்கே சேர்ந்த ஆண்டிலிருந்து அப்படித்தான். நோயாளி ரத்தத்தை நார்மல் என்று நம்பிக் கொடுக்க முடியாது. மாணவர் ரத்தம் என்றால் நாளைக்கு ஒருவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவான். என் ரத்தத்தை எனக்குத் தெரியும். காலையில் ஆய்வகத்து ஷாஹித் ஊசி போட்டு எடுத்தார், அவரே ஸ்லைடு தேய்த்துச் சாயம் போட்டார். வகுப்பு முடிந்ததும் ஏ ஸ்லைடுகள் குப்பைக்கு, பி ஸ்லைடுகள் எண்ணிப் பெட்டிக்கு.

தனேஷ் என்று ஒரு பையன், சிலிம் ரிவர் ஊர்க்காரன். எல்லோரும் போன பிறகும் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. என்ன என்று கேட்டால், இன்னும் எண்ணுகிறானாம். நூறு எண்ண இவ்வளவு நேரமா? யாருக்காகக் காத்திருந்தான்?

8 ஜூலை, செவ்வாய்

திருத்தினேன். ஏ ஸ்லைடில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே எண்கள்தான். ஒரே ரத்தம், ஒரே விடை, மகிழ்ச்சி.

தனேஷைத் தவிர. ஏ ஸ்லைடில் பேசோஃபில் என்ற வெள்ளை அணு ஏழாம்! என் உடம்பில் அது ஒன்று கிடைத்தாலே அதிகம். அதோடு எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரக்கூடாத முதிராத அணுக்கள் ஒன்பது. கீழே கோடு போட்டு, 'நாட்பட்ட ரத்தப் புற்றாக இருக்கலாம், மறுபரிசோதனை தேவை' என்று எழுதி வைத்திருக்கிறான்.

இது பி ஸ்லைடின் விடை. சீனியர் எவனிடமோ விடையை வாங்கி, எது ஏ எது பி என்று தெரியாமல் இரண்டு இடத்திலும் ஒட்டிவிட்டான். காப்பி அடிக்கவும் கொஞ்சம் மூளை வேண்டும்.

9 ஜூலை, புதன்

அறைக்குக் கூப்பிட்டேன். நின்றான். உட்காரச் சொல்லவில்லை.

"எண்ணுனேன் டாக்டர். எண்ணுனதத்தான் எழுதுனேன்" என்றான். எங்கே ஸ்லைடு என்றேன், குப்பையில் போயிருக்கும் என்ற தைரியத்தில். சட்டைப் பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றியதை எடுத்து மேசையில் வைத்தான். மனித ரத்தத்தை ஆய்வகத்தைவிட்டு வெளியே கொண்டு போயிருக்கிறான்! அதற்கே ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாம், விதி அப்படி.

பார்த்தேன். அவன் எழுதியது அதில் இருந்தது. பேசோஃபில், முதிராத அணுக்கள், எல்லாமே. விளிம்பில் பென்சிலால் 'ஏ'.

அப்படியானால் ஸ்லைடையே மாற்றியிருக்கிறான். பி-யை அழித்து ஏ என்று எழுதியிருக்கிறான். பெட்டியைத் திறந்து பி ஸ்லைடுகளை எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. வெளியிலிருந்து கொண்டு வந்தானா? எவன் கொடுத்தான்?

போகும்போது கதவருகில் நின்று கேட்டான்: "டாக்டர், ஏ ஸ்லைடு யாரோட ரத்தம்?"

திமிர். என் ரத்தம் என்று இந்தக் கல்லூரியில் பூனைக்குக்கூடத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னேன்.

10 ஜூலை, வியாழன்

ஈப்போ லிட்டில் இந்தியாவில் தைக்கக் கொடுத்த ரவிக்கை மூன்றும் தொளதொள. வீரம்மாக்கா அளவு நாடாவை எங்கே தொலைத்தாளோ. கேட்டால், போன தடவை அளவுதான் என்று சாதிக்கிறாள்.

14 ஜூலை, திங்கள்

டீன் கார்த்திகேசுவிடம் புகாரை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்லைடு மாற்றியது, வெளியே எடுத்துப் போனது, பொய் அறிக்கை. மூன்றும் உறுதியானால் பையன் கல்லூரியை விட்டுப் போக வேண்டியதுதான். விசாரணை 25ஆம் தேதி.

கார்த்திகேசு ரொம்பப் பரிவாகக் கேட்டார்: "புனிதா, நீங்க ரொம்ப அலைச்சல் படுறீங்க. மொகமெல்லாம் வத்திப்போச்சு. இந்த மைக்ராஸ்கோப் வகுப்பெல்லாம் ஸ்கிரீனுக்கு மாத்திட்டா உங்களுக்கும் ஓய்வுதானே?"

எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? என் ஆய்வகத்தைக் கணினி அறையாக்க இரண்டு வருடமாகக் கண் வைத்திருக்கிறார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

16 ஜூலை, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

மத்தியானம் கல்லூரிக்கு எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடையில் காரை நிறுத்தினால், மூலையில் தனேஷ். எதிரே யார்? ஷாஹித். தே தாரிக் டீ ஆறிக் கிடக்க, தலையோடு தலை முட்டப் பேச்சு. என்னைப் பார்த்ததும் ஷாஹித் வாயை மூடினார். பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

ஆய்வகச் சாவி ஷாஹித் கையில். பழைய புற்று ஸ்லைடுகள் இருக்கும் அலமாரியும் அவர் கையில். பி பெட்டியில் ஏன் குறையவில்லை என்பதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. வேலியே பயிரை மேய்கிறது. இத்தனை வருடம் கூட வேலை செய்தவர். நோன்புப் பெருநாளுக்கு ஜொஹரா பீவி, அவர் மனைவி, எனக்கென்று தனியாக ரெண்டாங் கறி கட்டிக் கொடுத்து அனுப்புவார். ஏன் இப்படி? பையன் என்ன உறவு இவருக்கு?

திரும்பி வந்ததும் ஷாஹித் என் அறை வாசலில் இரண்டு தடவை வந்து நின்றார். "டாக்டர், ஒரு விஷயம்..." என்று தொடங்கினார். விசாரணையில் சொல்லுங்கள் என்றேன். முகம் செத்துப்போனது. குற்றமுள்ள நெஞ்சு.

20 ஜூலை, ஞாயிறு

கோப்பெங்கிலிருந்து தங்கச்சி குமுதா வந்திருந்தாள். தோசைக் கடைக்குப் போனோம். பாதித் தோசையிலேயே வயிறு நிறைந்துவிட்டது. இடது பக்கம் விலாவுக்குக் கீழே கல்லை வைத்தாற்போல் இருந்தது. இவர்கள் மாவில் ஏதோ கலக்கிறார்கள்.

"அக்கா, தோசையில ஒண்ணும் இல்ல. நீ ரத்தம் டெஸ்ட் பண்ணுனியா?" என்றாள். கேட்கிறாள், யாரிடம்! சிரித்துவிட்டேன்.

இரவில் வியர்த்து ரவிக்கை நனைகிறது. இந்த வயதில் வருவதுதான். ஏர்கானும் சரியில்லை. போன மாதம் பார்த்தவன் கேஸ் போடாமலே போட்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

22 ஜூலை, செவ்வாய்

விசாரணையில் வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. தனேஷின் ஸ்லைடு ஒரு பக்கம், என் ரத்தத்தில் புதிதாகச் செய்த நார்மல் ஸ்லைடு மறுபக்கம். இரண்டையும் அவர்கள் கண் முன்னால் வைத்துவிட்டால் கையும் களவுமாக மாட்டுவான்.

ஷாஹிதை அண்ட விடவில்லை. மாணவர் கிளினிக் நர்ஸ் ஊசி போட்டார். நானே தேய்த்து, நானே சாயம் போட்டு, நானே கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

சாயம் சரியில்லை.

மறுபடி போட்டேன். தண்ணீர் கெட்டது என்று காப்பிக்கு வைத்திருந்த சுத்தத் தண்ணீரை ஊற்றி — இல்லை, என்ன எழுதுகிறேன், வடித்த தண்ணீரை ஊற்றி மறுபடி.

பேசோஃபில். இன்னொன்று. பக்கத்திலேயே முதிராத ஒன்று, பிறகு இரண்டு.

பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பேன்: நம்ப முடியாத முடிவு வந்தால் முதலில் குழாயைச் சந்தேகி. பிறகு ஊசி போட்டவரை. பிறகு மெஷினை. எல்லாம் சரியென்றால் கடைசியில்தான் நோயாளியை. நூற்றில் தொண்ணூறு தடவை முதல் மூன்றிலேயே பிடிபட்டுவிடும்.

குழாய் கிளினிக்கில் எத்தனை நாள் கிடந்ததோ. அந்த நர்ஸ் தனேஷ் வீட்டுப் பக்கத்து ஊர், தஞ்சோங் மாலிம். சாயப் புட்டி ஷாஹித் கலக்கியது. எல்லாவற்றிலும் யாராவது கை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும்!

23 ஜூலை, புதன்

காம்பாருக்குக் காரை ஓட்டிப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாத ஒரு சின்னத் தனியார் ஆய்வகம். ஈப்போவில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் கார்த்திகேசு காதுக்குப் போய்விடும்.

என் பெயரில் கொடுக்கவில்லை. நோயாளி பெயர் ராக்காயி என்று எழுதினேன். என் பெரியம்மா பெயர். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம், கோபித்துக்கொள்ள மாட்டாள். அனுப்பும் டாக்டர் என்ற இடத்தில் என் பெயர், என் கைப்பேசி எண். 'நோயாளி வெளியே வர முடியாதவர், காரில் இருக்கிறார்' என்று சொல்லி, காரிலேயே என் இடது கையில் நானே குத்தி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதுக் குழாய், நானே வாங்கியது. கை என்னுடையது. மெஷின் முன்பின் தெரியாதவர்களுடையது.

இனி எவனும் கை வைக்க முடியாது.

24 ஜூலை, வியாழன்

இரண்டாம் ஆண்டு வகுப்பின் நடுவில் போன் வந்தது. வெளியே போய் எடுத்தேன். இளம் பெண் குரல், ரொம்ப மரியாதை.

"டாக்டர் புனிதாங்களா? உங்க பேஷண்ட் ராக்காயி விஷயமா கூப்பிடுறேன். வெள்ளை அணு முப்பத்தோராயிரம். முதிராத செல் இருக்கு, பேசோஃபில் எட்டு. நீங்க திருப்பிச் சொல்லணும் டாக்டர்."

ஆபத்தான முடிவு வந்தால் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்கக்கூடாது. நான் சொல்லிக் கொடுக்கிற விதிதான். திருப்பிச் சொன்னேன். மெஷின் காலையில் சரிபார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தார்களாம். இரண்டு தடவை ஓட்டினார்களாம். அங்கே வருகிற நிபுணரும் ஸ்லைடைப் பார்த்துவிட்டாராம்.

வைக்கும் முன் அந்தப் பெண் சொன்னது: "அந்த அம்மாவ சீக்கிரம் வரச் சொல்லுங்க டாக்டர். தனியா வர வேணாம்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

உள்ளே போய் வகுப்பை முடித்தேன். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்து, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து மூச்சை இழுத்தேன். வீங்கிய மண்ணீரல் விரலில் முட்டியது. பாவம் தோசைக்காரன். பாவம் வீரம்மாக்கா.

பயமா இருக்கு. எழுதிட்டேன். பயமா இருக்கு.

அப்புறம்தான் அது உறைத்தது. அத்தனை பிள்ளைகளும் ஏ ஸ்லைடுக்கு ஒரே எண்களை எழுதினார்களே — எங்கே பார்த்து எழுதினார்கள்? ஏ என்றால் டாக்டர் ரத்தம், டாக்டர் ரத்தம் என்றால் நார்மல். புத்தகத்து எண்களை அப்படியும் இப்படியும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் எண்ணவில்லை. அவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டேன். எண்ணியவன் ஒருவன். அவனை நாளைக்கு வெளியே அனுப்பப் போகிறேன்.

25 ஜூலை, வெள்ளி

காலையிலேயே கார்த்திகேசுவிடம் போய், புகாரைத் திரும்பப் பெறுகிறேன், தவறு நடந்துவிட்டது என்றேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? 'ஓய்வெடுங்கள் புனிதா' என்பார். ஓய்விலிருந்து திரும்பி வரும்போது என் அறையில் ஸ்கிரீன் தொங்கும். சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் போனேன்.

பொய் அறிக்கை, ஸ்லைடு மாற்றியது, இரண்டையும் விட்டுவிடலாம் என்றார். ஆனால் வெளியே எடுத்துப் போனதைப் பையனே ஒப்புக்கொண்டிருக்கிறானே. அது நிற்கும். ஒரு வருடம் நிறுத்தம். தக்க காரணம் இருந்தால் பார்க்கலாம்.

விசாரணை அறையில் மேசையைச் சுற்றி ஆறேழு பேர். தனேஷ் டை கட்டியிருந்தான், எவனிடமோ இரவல். பின்னால் நாற்காலியில் அவன் அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்டார்கள். டையை இழுத்துச் சரிசெய்தான். மறுபடி கேட்டார்கள்.

"அத இங்க சொல்ல முடியாது சார்."

சொல்லாவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்று கார்த்திகேசு நல்ல விதமாகத்தான் சொன்னார். அவன் அம்மா, "சொல்லேன்டா" என்றது எனக்கே கேட்டது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வருஷம் போனா போகட்டும் சார்" என்றான்.

அப்போதுதான் புரிந்தது. இவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். யாருடைய ரத்தம் என்று கதவருகில் நின்று கேட்டது தெரியாமல் கேட்டதல்ல. என் வாயால் வேறு யார் பெயராவது வராதா என்று கேட்டிருக்கிறான்.

எழுந்து நின்றேன்.

"அது என் ரத்தம். அவன் எண்ணியது சரி. எனக்கு ரத்தப் புற்று. நேற்றுத்தான் உறுதியானது. அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லக்கூடாது என்று இந்தப் பையன் ஒரு வருடத்தை விடத் தயாராக இருக்கிறான். இதைவிடத் தக்க காரணம் உங்கள் விதிப்புத்தகத்தில் இருந்தால் காட்டுங்கள்."

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, பையனுக்கு நிறுத்தம் இல்லை என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதையும் ஒரு கணம் சந்தேகப்பட்டேன். என்ன ஜென்மம் நான்.

வெளியே தாழ்வாரத்தில் ஷாஹித் நின்றிருந்தார். மாமாக் கடையில் பேசியது என்ன என்று கேட்டேன்.

"பையன் ஸ்லைட காட்டுனான் டாக்டர். எப்படிச் சொல்றதுன்னு கேட்டான். நீ சின்னப் புள்ள, நா சொல்றேன்னேன். ரெண்டு தடவ வந்தேன். எனக்கும் வாய் வரல லா."

சதி என்று நினைத்தேன். சதிதான். என்னைப் பற்றித்தான்.

26 ஜூலை, சனி

குமுதாவிடம் சொன்னேன். அழுது தீர்த்துவிட்டு, உடனே என் சமையலறையை ஆக்கிரமித்துக்கொண்டாள்.

4 ஆகஸ்ட், திங்கள்

பெரிய மருத்துவமனையில் மஜ்ஜை எடுத்துப் பார்த்தாயிற்று. நாட்பட்ட வகைதான், ஆரம்பக் கட்டம். தினம் மாத்திரை, அநேகமாக ஆயுளுக்கும். டாக்டர் என் பழைய மாணவி அஃப்ரீன். தைரியம் சொன்னாள். இதையெல்லாம் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன், ஆனாலும் அவள் சொல்லும்போது முதல்தடவை கேட்பதுபோல் கேட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றாள். யார் பிடித்தது என்று கேட்டாள். சொன்னேன்.

ஏ ஸ்லைடு மதிப்பெண்களை மொத்தமாக ரத்து செய்தேன். தனேஷுக்கு மட்டும் உண்டு. வகுப்பே என்மேல் கோபமாக இருக்கிறது. இருக்கட்டும்.

11 ஆகஸ்ட், திங்கள்

தனேஷைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லித்தான் கேட்டேன். "பரவால்ல டாக்டர்" என்றான். பரவாயில்லை என்பது பரவாயில்லை என்று ஆகிவிடுமா? அம்மா எப்படி இருக்கிறார் என்றேன். "எனக்குத் தண்டனை இல்லன்னு தெரிஞ்சதும் உங்களுக்காக மாரியம்மன் கோயிலுக்கு நேந்துகிட்டாங்க" என்றான். அவர் மகனைத் துரத்தப் பார்த்தவள் நான்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மாத்திரை வேலையால் கண் இரண்டும் பூரிபோல் வீங்கியிருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் நான் அழுததாக நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். மறுக்கவில்லை. முறுக்கு மூன்று தின்றேன், வயிறு இடம் கொடுத்தது.

10 நவம்பர், திங்கள்

அஃப்ரீன் மெஷின் முடிவை அனுப்பினாள். எல்லாம் நார்மல் என்கிறது. நம்பவில்லை. மெஷினுக்கு என்ன தெரியும்.

ஷாஹிதை ஊசி போடச் சொல்லி ஸ்லைடு செய்தோம். தனேஷ் வார்டு வகுப்பிலிருந்து வந்தான். எண்ணச் சொன்னேன். இந்தத் தடவை இருநூறு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எண்ணும் கருவி டக் டக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது, எங்கேயும் நிற்கவில்லை.

முடித்துவிட்டுத் தாளை நீட்டினான். "நார்மல்தான் டாக்டர். பேசோஃபில் ரெண்டு இருக்கு, அது பரவால்ல. சொல்லணும்னு தோணுச்சு."

"சொல்லு. எப்பவும் சொல்லு" என்றேன்.

பார்க்கிறீர்களா என்று மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பினான். இத்தனை வருடத்தில் எந்த மாணவன் எண்ணியதையும் நான் குனிந்து பார்க்காமல் விட்டதில்லை. வேண்டாம், விளக்கை அணைத்துவிடு, சாப்பிடப் போகலாம் என்றேன்.